மீன் கிடைத்தால் கல்யாணம் இல்லை

மூன்று வருஷத்தில் அந்த ரீல் முதன்முறையாக ஓடியது அன்றைக்குத்தான்.

கிர்ர்ர்ர்...

ஜெயகணேஷ் கையிலிருந்த தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. நூல் சரசரவென்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சிக்கல்... அவன் நின்றது ஏரிக்கரையில் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில், அவர்கள் பிளாக் மைதானத்தில். மாட்டியதும் மீன் இல்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு நீல நிற ஸ்கூட்டி.

"நிறுத்துங்க! ஏங்க... வண்டியை நிறுத்துங்க!"

சுரங்கத்தில் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் அது. நாலு குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் திறந்தன. ஸ்கூட்டியும் நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றியவள் முதலில் வண்டிக் கண்ணாடியில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள். அப்புறம் அந்த நூல் வந்த வழியே பார்வையை ஓட்டி, மைதானத்தின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றவனைப் பார்த்தாள். பெரிய கண்கள்... நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்கு வரும் மெல்லிய சுருக்கம் ஓரத்தில். அந்தக் கண்களில் கோபம்தான் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"என்னா சார் இது?"

"நூலுங்க..."

"அது தெரியுது. எதுக்கு என் கண்ணாடியில வந்து குந்திகினு இருக்குதுன்னு கேக்கறேன்."

"பிராக்டீஸ் பண்றேங்க. மீன் புடிக்க."

அவள் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ஒரு கோல் போஸ்ட், இரண்டு ஆடுகள், காயப்போட்ட ஒரு போர்வை.

"தண்ணி எங்க சார்?"

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. "இது வேற மாதிரி தூண்டிலுங்க. புழு வெக்கறதில்லை. இறகு கட்டின பொய்ப்பூச்சி ஒண்ணு நுனியில இருக்கும். நூலைப் பின்னாடி வீசி, முன்னாடி வீசி, அந்தப் பூச்சியைத் தண்ணி மேல மெதுவா எறக்கணும். கை பழகறதுக்குப் புல்லுலதான் வீசிப் பாப்பாங்க. பயப்படாதீங்க, இப்ப முள்ளு இல்லை. உல்லன் நூல்தான் கட்டியிருக்கேன்."

"பயந்ததா உங்களுக்கு யாரு சொன்னது?"

வெடுக்கென்று கேட்டுவிட்டு நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவனும் ஓடி வந்து பிரித்தான். அவன் பிரித்த பக்கம் இன்னும் சிக்கலாகியது. அவள் பிரித்த பக்கம் இரண்டே நிமிஷத்தில் நேரானது.

பெயர் செந்தாமரை. சொந்த ஊர் வடலூர் தாண்டி ஓர் ஏரிக்கரைக் கிராமம். சுரங்கத்தில் சர்வே பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. அளவுக் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு நாளெல்லாம் நடப்பாள். அவனை அவளுக்கு ஏற்கெனவே தெரியும்... "நீங்க எலக்ட்ரிகல் சார்தான? கேபிள் ஃபால்ட்டுன்னா ஒரு கிலோமீட்டருக்குக் கேக்கற மாதிரி கத்துவீங்களே." அவன் பெர்மனன்ட். மறைந்த அப்பா பரமசிவம் காலத்தில் கொங்குப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கிவிட்ட குடும்பம்.

"அந்த மீனு பேரு என்னா சார்?"

"டிரவுட். ஐஸ் மாதிரி குளுந்த தண்ணியிலதான் இருக்கும். நீலகிரியில, அவலாஞ்சிக்கும் மேல ஒரு ஏரி இருக்கு. வண்டி போகாது. ஒம்போது கிலோமீட்டர் நடக்கணும். எங்க மலையேற்றக் குழுவோட மூணு வருஷமா போறேன்."

"எத்தினி புடிச்சீங்க?"

அவன் ரீலை ரொம்ப அக்கறையாகத் துடைத்தான்.

"ஒண்ணு கூடவா?"

துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"எங்க ஏரியில எருமை வாலை உட்டா கூட ஒரு கெண்டை தொங்கிகினு வருமே சார்!"

வரிசையில் நின்றிருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. ஜெயகணேஷுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகக்கூட இருந்தது. ஆனால், இவள் இன்னொரு தரம் இப்படிச் சிரிக்கமாட்டாளா என்றும் இருந்தது. அது ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை சீக்கிரமே முடிந்திருக்கும்.

அவளிடம் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உங்களிடம் சொல்லிவிடலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா புஷ்பவல்லி கல்யாணப் பேச்சை எடுத்தபோது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. "மொதல்ல ஒரு டிரவுட் புடிச்சுட்டு வந்துடறேம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று ஏதோ உளறினான். முதல் வருஷம் அம்மா சிரித்தாள். இரண்டாம் வருஷம் முறைத்தாள். மூன்றாம் வருஷமும் மகன் வெறுங்கையோடு வந்து நின்றதும் பொங்கிவிட்டாள். "சரி கண்ணு. இந்த ஆயுத பூஜை லீவுல கடைசி தடவை போய்ட்டு வா. நானும் குழு பஸ்ஸுலயே வர்றேன். மீன் கெடைச்சா ஒன் இஷ்டம், கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டேன். கெடைக்கலீன்னா, திரும்பற வழியில திருப்பூர்ல பொண்ணு பாக்கறோம். அந்தப் பொண்ணுதான். சத்தியம் பண்ணு." அவனும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டான்.

மூன்று வருஷம் கிடைக்காமல் காப்பாற்றிய மீன், இப்போது கிடைத்தால்தான் காப்பாற்றும்! அதனால்தான் ஆடு மேயும் மைதானத்தில் இந்தப் பாடு.

மறுநாள் சாயங்காலமும் நீல ஸ்கூட்டி வந்தது. இந்தத் தடவை தானாகவே நின்றது.

"சார்... அந்தக் குழுவுல வெளியாளுங்களைச் சேப்பாங்களா?"

"ஏங்க?"

அவள் தூரத்தில், மரங்களுக்கு மேலே தெரிந்த சுரங்கத்து மண்மேட்டைக் காட்டினாள். "பொறந்ததுலேருந்து நான் பாத்த மலை அது ஒண்ணுதான். மெஷின் கொட்டி வெச்ச மலை. நெசமான மலையில ஒரு தடவை நடக்கணும். நீங்க என்னைச் சேத்து விடுங்க, நான் உங்களுக்கு மீனு கத்துக் குடுக்கறேன்."

"டிரவுட்டைப் பத்தி உங்களுக்கு..."

"மீனுதான? கண்ணு இருக்கும், பயம் இருக்கும். அது போதும் எனக்கு."

அவள் கேட்ட முதல் கேள்வியே அவனைக் கவிழ்த்துவிட்டது. போன வருஷத்துப் போட்டோக்களைக் காட்டச் சொன்னாள். அவன் பெருமையாகக் காட்டினான். பச்சைப் புல்வெளி, நீல ஏரி, கரையோரத்தில் ஜெயகணேஷ்... பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவுமாக! எல்லாப் போட்டோவிலும், மூன்று வருஷமும் அதே கோலம்.

செந்தாமரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஏங்க... நல்ல ஸ்ட்ராங்கான ஷூ. மலைக்கு நல்லதுன்னுதான்..."

"இது போட்டுகினா டம்பர் லாரி டிரைவரு அரை மைல்லயே பாத்துடுவான். மீனு பாக்காதா? இரும்பு ஷூவைப் போட்டுகினு தொம் தொம்னு கரையில நடந்தா தண்ணிக்குள்ள அதுக்கு இடி எறங்கற மாதிரி இருக்கும் சார். அதுக்கு மேல உங்க கொரலு வேற!"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தில் எல்லார் கண்ணிலும் படுவதுதான் பாதுகாப்பு. ஜாக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஏழு வருஷம் போட்டுப் போட்டு அது தோலாகவே ஆகிவிட்டது. ஏரிக்கரையில் அது தேவையில்லை என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவனோடு வந்த சுரங்கத்துக்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதிப் பேர் அதே ஜாக்கெட்டில்தான் வந்திருந்தார்கள்!

அன்றிலிருந்து பாடம். வெறுங்காலில் நடக்க வைத்தாள். குனிந்து போகச் சொன்னாள். "நெழலு முன்னாடி போவக்கூடாது. நெழலு வுழுந்தா விராலே ஓடிடும், உங்க சீமை மீனு நிக்குமா?" குரலைத் தாழ்த்தச் சொன்னாள். அதுதான் கஷ்டம். "மெதுவாங்க" என்றால் அவன் மெதுவாகவே கத்துவான். அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

பதிலுக்கு அவன் கோலைக் கொடுத்து வீசக் கற்றுக்கொடுத்தான். பத்தே நாளில் அவள் அவனைவிட நன்றாக வீசினாள். நூல் அவள் தலைக்கு மேலே பின்னால் போய், ஒரு கணம் நேராக நின்று, முன்னால் போய்ப் புல்லின்மேல் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். அவன் நூலைப் பார்க்கிற சாக்கில் அவளைப் பார்த்தான். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்க அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மழை. திடீரென்று இருட்டி, சடசடவென்று இறங்கிவிட்டது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு ஓடினார்கள். அவள் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி, புருவத்தில் தயங்கி, இமைக்கு வந்து நின்றது... கண்ணைச் சிமிட்டினால் விழுந்துவிடும். அவள் சிமிட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க."

நம்ப முடிகிறதா? அந்த 'ஒண்ணுமில்லைங்க' பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டுமே கேட்கிற அளவுக்கு மெதுவாக வந்தது. 'அடப்பாவி, குரல் எறங்கிடுச்சே...' என்று செந்தாமரை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு, உனக்கு என்னடி ஆச்சு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சார் பெர்மனன்ட். நீ வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது புஷ்பவல்லி மைதானத்துக்கே வந்தாள். ஜெயகணேஷுக்கு அன்று செகண்ட் ஷிப்ட். அவன் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தாள். செந்தாமரை தனியாக வீசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஏங் கண்ணு, நீதான் கணேசனுக்கு மீன் புடிக்கச் சொல்லித் தர்ற புள்ளையா?"

"ஆமாங்கம்மா."

"மீன் கெடைச்சா அவன் திருப்பூருக்குப் பொண்ணு பாக்க வரமாட்டான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

செந்தாமரையின் கை அப்படியே நின்றது. நூல் காலடியில் சுருண்டு விழுந்தது. புஷ்பவல்லி சத்தியத்தை முழுக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமலே ஒன்று சொன்னாள். "நான் ஒன்னைத் தப்பாச் சொல்லலை சாமி. ஆனா பிளாக்குல நாலு பேர் சொல்றாங்க. கான்ட்ராக்ட்டுல இருக்கற புள்ளை, பெர்மனன்ட் மாப்பிள்ளைக்குத் தூண்டில் போடறான்னு. ஒனக்கும் அது நல்லா இருக்காது பாரு."

செந்தாமரை நூலைச் சுற்றினாள். ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. கோலைப் புஷ்பவல்லி கையிலேயே கொடுத்தாள்.

"உங்க புள்ளைகிட்ட குடுத்துடுங்கம்மா. மலைக்கு நான் வருவேன். பேரு குடுத்துட்டேன். மலையில நடக்கத்தான் பேரு குடுத்தேன், வேற எதுக்கும் இல்ல."

வீடு போய்ச் சேரும்வரை அழவில்லை. சேர்ந்த பிறகு அழுதாள்.

மறுநாள் சுரங்கத்து வாசலில் ஜெயகணேஷ் ஓடிவந்தான். "செந்தாமரை, அம்மா சொன்னதுக்கு நான்..."

"அவங்க சொன்னது உடுங்க சார். நீங்க ஏன் சொல்லல?"

"அது... வந்து..."

"பொண்ணு வேணாம்னா வேணாம்னு சொல்ல வாய் இல்ல உங்களுக்கு. அதுக்கு ஒரு மீனு வேணும், அந்த மீனைப் புடிச்சிக் குடுக்க நான் வேணும். நாளைக்கி மீனு கெடைச்சா அம்மாவை ஏமாத்துவீங்க, கெடைக்கலன்னா அந்தத் திருப்பூர்ப் பொண்ணை ஏமாத்துவீங்க. எப்பத்தான் சார் நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்க?"

அவள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்த மறுநாள் பஸ் கிளம்பியது. புஷ்பவல்லியின் மடியில் ஒரு பை. அதற்குள் பட்டுப் புடவையும் தாம்பூலத் தட்டும். அடுத்த நாள் காலையில் மலைப்பாதை தொடங்கும் இடத்து டீக்கடையில் நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் வனத்துறை வழிகாட்டியோடு ஏற ஆரம்பித்தார்கள்.

செந்தாமரை முன்னால் நடந்தாள். கூட அவள் தோழி திலகவதி. ஜெயகணேஷ் பின்னால். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

ஆனால் மலை அவளைச் சும்மா விடவில்லை. சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் பாசி தொங்கும் மரங்கள்... வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி, அலை அலையாக. பாதையோரம் ஓடை ஒன்று கூடவே சலசலத்துக்கொண்டு வந்தது. மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது, அவள் நிற்கவில்லை. 'எவ சொன்னாலும் சரி, எது நடந்தாலும் சரி, இந்த மலையை நான் நடந்து முடிப்பேன்' என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டாள். கடைசி மேட்டில் ஏறியதும் கீழே ஏரி. மேகம் பாதி ஏரியை மூடியிருந்தது. அப்படியே நின்றுவிட்டாள். துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அழுவறியாடி?" என்றாள் திலகவதி.

"குளுருதுடி."

ஜெயகணேஷ் இந்த முறை மங்கிய பச்சைச் சட்டை, கேன்வாஸ் ஷூ. மீன்வளத்துறை பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரையோரம் குனிந்து குனிந்து போனான். வீசினான். பொய்ப்பூச்சி அழகாக இறங்கியது. மீன் வரவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். தூறல் போட ஆரம்பித்தது. குழு ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

செந்தாமரை தூரத்துப் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் நிற்கும் இடம் தப்பு! ஓடை ஏரிக்குள் விழும் வாயில் தண்ணீர் சுழிக்கிறது, இரை எல்லாம் அங்கேதான் மிதந்து வரும், மீன் அங்கேதான் காத்திருக்கும்... எந்த ஊர் மீனாக இருந்தால் என்ன? இந்த மனுஷன் இருபதடி தள்ளி வெறுந்தண்ணீரில் வீசிக்கொண்டிருக்கிறான். அவளுக்குக் கை பரபரத்தது. போகாதே என்று ரோஷம் இழுத்தது. கிடைக்கவில்லை என்றால் அவன் நாளைக்குத் திருப்பூர்... போகட்டுமே, எனக்கென்ன?

எனக்கென்ன என்று நினைத்ததுமே நெஞ்சில் சுருக்கென்றது. எழுந்துவிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் பதுங்கி வந்தாள். அவன் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவன் திரும்பினான். அவள் அவனைப் பார்க்காமலே ஓடை வாயைக் கையால் காட்டினாள்.

அவன் வீசினான். பூச்சி சுழலின் ஓரத்தில் இறங்கியது. ஒரு சுற்று சுற்றியது...

தண்ணீர் உடைந்தது.

கிர்ர்ர்ர் என்று ரீல் அலறியது. "உடுங்க, ஓட உடுங்க... இப்ப சுத்துங்க... மறுபடி உடுங்க!" அவள் கிசுகிசுத்தாள். அவன் கை சொன்னபடி செய்தது. பத்து நிமிஷம். கடைசியில் அவள் சுடிதார் நனைய முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையை நீட்டினாள்.

டிரவுட்! உடம்பெல்லாம் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளி. பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பெர்மிட்டில் சொன்ன நீளத்தைவிட நாலு விரல் கூடுதல். எடுத்துக்கொண்டு போகலாம், ஒரு தப்பும் இல்லை.

"கெடைச்சிடுச்சி..." என்றாள் செந்தாமரை. சந்தோஷமா, வருத்தமா என்று அவளுக்கே புரியவில்லை. "போங்க சார். கீழ போயி அம்மாகிட்ட காட்டுங்க. இனிமே உங்க இஷ்டம்."

ஜெயகணேஷ் மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தான். முள்ளைக் கழற்றினான். ஓடை வரும் பக்கம் அதன் தலையைத் திருப்பி வைத்தான். செவுள் திறந்து மூடியது, திறந்து மூடியது... கையை எடுத்துவிட்டான். ஒரு சுழிப்பு. போய்விட்டது.

"பைத்தியமா உங்களுக்கு?" தண்ணீரில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தேவிட்டாள். "மூணு வருஷம்! திலகா கூட பாக்கல. போட்டோ கூட எடுக்கல. யாரு நம்புவாங்க?"

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் சொன்னா உங்கம்மா நம்புவாங்களா?"

"மீனைக் காட்டித் தப்பிச்சா, நீங்க அன்னிக்கு வாசல்ல கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதிலே இருக்காது செந்தாமரை." அவன் கைகள் குளிரில் சிவந்திருந்தன. "இவ்வளவு நாளா ஒரு மீனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். போதும். கீழ போய் நானே சொல்லப் போறேன். திருப்பூர் வேண்டாம்னு மட்டும் இல்லை... ஏன் வேண்டாம்கறதையும்."

"ஏன் வேணாமாம்?"

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு."

தூறல் ஏரி முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. செந்தாமரைக்குக் கன்னம் சுட்டது. வாய் திறந்தால் என்ன வருமோ என்று பயந்தாள்.

"நான் எதுவும் சொல்லல" என்றாள்.

"தெரியும். நீங்க சொல்லணும்னு சொல்லலைங்க."

இறங்கும்போது ஒன்பது கிலோமீட்டரும் அவள் முன்னால், அவன் பின்னால். ஏறும்போது இருந்த அதே வரிசைதான். ஆனால் அவள் நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

டீக்கடையில் புஷ்பவல்லி காத்திருந்தாள். குழு மொத்தமும் காத்திருந்தது. பஸ்ஸில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? வெறுங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மீன் கெடைக்கலையா கண்ணு?"

"கெடைச்சுதும்மா. விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? அப்பக் கெடைக்கலைன்னுதான் அர்த்தம்!"

"அப்படியே வெச்சுக்கோங்க. ஆனா திருப்பூருக்கு நான் வரலை. சத்தியம் பண்ணது தப்பு, மீறப் போறேன். அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும், சொல்லாதது என் கோழைத்தனம். எனக்கு செந்தாமரையைக் கட்டிக்கணும்மா. அவங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க இன்னும் சரின்னு சொல்லலை. சொல்லாமலே போனாலும் திருப்பூர் வேண்டாம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை பாதியில் நின்றது.

"டேய்! அங்க அவங்க கேசரி கிண்டி வெச்சுட்டு நாளைக்கு எதிர்பாத்துட்டு இருக்கறாங்கடா! நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேண்டாம். போனைக் குடுங்க."

வாங்கிப் பேசினான். திருப்பூர்ப் பெண்ணின் அப்பா குரலை உயர்த்தியது சுற்றி நின்றவர்களுக்கே கேட்டது. ஜெயகணேஷ் எதிர்த்துப் பேசவில்லை. சாக்கும் சொல்லவில்லை. "தப்பு என் மேலதாங்க. அம்மாவுக்குத் தெரியாது. உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க... ஆமாங்க. திட்டுங்க, தாராளமாத் திட்டுங்க." திட்டு முடியும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

செந்தாமரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் அவன் சொன்னபோதுகூட அவளுக்கு ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது... மலையில் எல்லாரும் சொல்லுவாங்க, கீழே இறங்கினா மறந்துடுவாங்க என்று. இப்போது இல்லை.

புஷ்பவல்லி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பையை மடியிலிருந்து பெஞ்சுக்கு மாற்றினாள். பெருமூச்சு விட்டாள். "மூணு வருஷமா இவன் வாயிலேருந்து ஒரு 'வேண்டாம்' வரவெக்க என்னால முடியலை..." என்று பொதுவாகச் சொன்னாள். பிறகு நேராகச் செந்தாமரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பேசினது மனசுல இருக்குமில்ல?"

"இருக்குதுங்கம்மா."

"இருக்கட்டும், அது என் தப்புத்தான். இப்பக் கேக்கறேன், நீ என்ன கண்ணு சொல்றே?"

இத்தனை பேர் முன்னால்! திலகவதி பின்னாலிருந்து இடித்தாள். செந்தாமரை நிமிர்ந்து நின்றாள். ஈரத் துப்பட்டாவை ஒருமுறை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு இவரைப் புடிச்சிருக்குதுங்க. ரொம்ப நாளாவே புடிச்சிருக்குது. ஆனா நான் கான்ட்ராக்ட்டுதான், என்னிக்கி பெர்மனன்ட் ஆவும்னு எனக்கே தெரியாது. அதுக்காகத் தலையைக் குனிஞ்சிகினு வரமாட்டேன். எங்கூட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் முறையா வந்து, எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்கணும்."

புஷ்பவல்லி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மரியாதை வந்திருந்தது.

"எப்ப வரட்டும்?"

"ஞாயித்துக்கெழம. எனக்கு அன்னிக்கித்தான் ஆஃப்."

ஜெயகணேஷ் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கிழமை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுங்க..."

செந்தாமரை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சார் என்ற சொல் வாய்வரை வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

"யாருகிட்டயாவது ஷிப்ட்டை மாத்திகினு வாங்க" என்றாள். "நான் காத்துகினு இருப்பேன்."